ஒரு தொட்டிக்கு இரண்டு மெக்கானிக்

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுப் பின்பக்கத்து வெந்நீர் டப் நின்றுவிட்டது. காலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், அதன் பொத்தான் பலகையில் மூன்று எழுத்து மின்னிக்கொண்டிருக்கிறது. விரல்கள் மடங்கியே இருந்ததால் முழங்கையால் மூடியைத் தள்ளி, புறங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். சூடே இல்லாத பச்சைத் தண்ணீர்.

டப்போடு வந்த புத்தகத்தில் அந்த மூன்று எழுத்துக்கு 'நீரோட்டம் போதவில்லை' என்று அர்த்தம் போட்டிருக்கிறது. தண்ணீர் சரியாகச் சுற்றாவிட்டால் ஹீட்டர் எரிந்து போகாமல் தானே அணைந்துகொள்ளுமாம். என்னைவிடப் புத்திசாலி. காரணங்களையும் சொல்லியிருக்கிறார்கள். ஃபில்டரில் அழுக்கு இருக்கலாம், தண்ணீர் மட்டம் குறைந்திருக்கலாம், வால்வு முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், பம்பில் காற்று அடைத்திருக்கலாம். ஆக, எதுவாகவும் இருக்கலாம்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வெளியூர் வேலையில் இருக்கிறாராம். "பதினெட்டாந்தேதி முதல் வேலையா உங்க வீடுதாம்மா" என்றார். பதினெட்டு! எனக்குப் பதினேழாம் தேதி கடைக்குப் போயாக வேண்டும்.

கண்ணாடிக் கடை முதலாளியம்மா இத்தனை மாதம் என் இடத்தை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல் வைத்திருந்ததே பெரிய விஷயம். போன வாரம் போனில் பட்டென்று சொல்லிவிட்டார். "பதினேழு காலையில வா. நாலு ஃபிரேமுக்கு லென்ஸ் மாட்டிக் காட்டு. முடியலைன்னா இப்ப இருக்கிற பொண்ணையே வச்சுக்க வேண்டியதுதான். மனசுல வச்சுக்காதே." மனசில் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவருக்கும் கடை நடக்க வேண்டும். ஆனால் காலையில் என் கை என் பேச்சைக் கேட்பதில்லையே. முடக்குவாதத்துக்குக் கொடுத்த புது மாத்திரை வேலை செய்ய இன்னும் நாளாகும், அதுவரை எழுந்ததும் அரை மணி நேரம் வெந்நீரில் உட்காருங்கள் என்றார் டாக்டர். உட்கார்ந்தால் விரல்கள் ஒவ்வொன்றாக இறுக்கம் விடுகின்றன. உட்காராவிட்டால் தலை சீவிக்கொள்ளவே மதியம் ஆகிறது.

மார்ச் 5, புதன்

அப்பா இதைத் தொட்டி என்பார். என் வீட்டுக்காரர் டப் என்பார். பெயரில்கூட ஒத்துப்போகக் கூடாது என்று இரண்டு பேருக்கும் வைராக்கியம்.

அப்பா பால் பண்ணையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் மிஷின் பழுது பார்க்கிறவர். ஆக வீட்டில் இரண்டு மெக்கானிக். போன மழைக்காலத்தில் அவர் ஷெல்ஃப் மாட்ட ஹால் சுவரில் துளை போட்டார். உள்ளே போன குழாய் பீய்ச்சி அடித்து ஹாலே குளமாகிவிட்டது. "என் வீட்டுச் சுவரை என்னைக் கேக்காம எப்படித் தொடலாம்?" என்றார் அப்பா. "அப்ப இது என் வீடு இல்ல. சரி, தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார் அவர். அன்றைக்கு மூடிய வாய்கள்தான். இன்றுவரை ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஷெல்ஃப் சுவரோரம் தரையில் கிடக்கிறது, அதில் செருப்பு வைக்கிறோம்.

பேச்செல்லாம் என் வழியாகத்தான். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "உங்கப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு வேணுமான்னு கேளு" என்பார் அவர். "வேண்டாம்னு சொல்லு" என்பார் அப்பா. கரண்டி இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும்.

இன்று டப் விஷயம் தெரிந்ததும் அப்பா தனியாக வந்து, "நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கறேன்" என்றார். சாயங்காலம் அவரும் தனியாக வந்து அதையே சொன்னார். இரண்டு பேர் மேலும் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது எனக்கு.

மார்ச் 6, வியாழன்

வேலைக்குப் போகும் முன் அவர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டார். களிமண் மாதிரி அழுக்கு வந்ததாம். சுவிட்சைப் போட்டதும் எழுத்து மின்னவில்லை. மதியமே வெதுவெதுப்பு. இவ்வளவுதானா? இதற்கா நேற்றெல்லாம் தூங்காமல் கிடந்தேன்!

மார்ச் 7, வெள்ளி

நுரை. காலையில் உள்ளே இறங்கிப் பொத்தானை அழுத்தினேன். தண்ணீர் குமுறியதும் நுரை கிளம்பிக் கழுத்து வரை வந்துவிட்டது. துணி துவைக்கிற மிஷினுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஃபில்டரை எதில் கழுவினீர்கள் என்று ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "சோப்புத்தூள்லதான். ஏன்?" ஏனாம்!

அப்பா வந்து பார்த்தார். "யாரோ சோப்பைக் கொட்டியிருக்காங்க" என்றார். அந்த 'யாரோ' என்ற சொல்லில்தான் எத்தனை காரம்.

மதியம் நான் படுத்திருந்தபோது பின்பக்கம் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் நுரை இல்லை. "சரி பண்ணிட்டேன்" என்றார் அப்பா. எப்படி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் சாயங்காலம் மறுபடி அதே மூன்று எழுத்து. அவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பம்ப்ல காத்து அடைச்சிருக்கு. நேத்து நல்லா ஓடுச்சே, காத்து எங்கிருந்து வந்துச்சு?" என்று தலையைச் சொறிந்தார். பம்பும் குழாயும் சேருகிற இடத்தில் உள்ள பெரிய நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் வந்தது. நட்டைத் திரும்ப முறுக்கினார். ஓடுகிறது.

மார்ச் 8, சனி

தண்ணீர் பச்சை. பேனா கையில் நிற்கவில்லை. இவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் எழுத்து மின்னுகிறது, சாயங்காலம் நன்றாக ஓடுகிறது. இரவு சாப்பாட்டுக்கு முன் போய்க் கை வைத்தால் இளஞ்சூடு. எனக்குச் சாயங்காலத்தில் எதற்கு வெந்நீர்? சாயங்காலம் என் கை நல்ல கைதான். மாவுகூடப் பிசைவேன். மறுநாள் காலையில் போனால் மறுபடி பச்சை.

பெரிய நட்டுக்குக் கீழே ஈரம் தெரிகிறது. சொட்டுகிறது போல.

மார்ச் 10, திங்கள்

அடுத்த திங்கள் இந்நேரம் கடையில் இருக்க வேண்டும்.

பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு காலையில் திருகைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்கவே முடியவில்லை. உள்ளங்கையால் உருட்டினேன். திருகு எங்கேயோ ஓடிவிட்டது. தரையில் தவழ்ந்து தேட முட்டி விடவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன். அப்பா ரேடியோவைச் சத்தமாக வைத்தார். கேட்காத மாதிரி இருப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஆறுதல்.

மார்ச் 11, செவ்வாய்

டப் பச்சை. நான் கறுப்பு. அவ்வளவு கோபம்.

மார்ச் 12, புதன்

இன்று இரண்டு பேரையும் தனித்தனியாகப் பிடித்து விசாரித்தேன்.

அப்பா: "அந்த வால்வு இருக்கே, அது பம்ப் அதிர்ற அதிர்வுல தானா திறந்துக்குது. திறந்தா நட்டுல சொட்டுது. நான் பார்த்துட்டுதான் இருக்கேன்."

அவர்: "அந்த வால்வு அதிர்வுல தானா மூடிக்குது. மூடினா ஓட்டம் போயிடுது. நான் பார்த்துட்டுதான் இருக்கேன்."

ஒரே வால்வு, ஒரே அதிர்வு. ஒருத்தருக்குத் திறந்துகொள்கிறதாம், இன்னொருத்தருக்கு மூடிக்கொள்கிறதாம்! நான் கேட்டுக்கொண்டேன்.

அவர் சாயங்காலம் பார்த்துவிட்டு உள்ளே போனதும், கடையில் லென்ஸின் நடுவில் புள்ளி வைக்கிற பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். வால்வின் பிடியில் ஒரு சிவப்புப் புள்ளி, அதற்கு நேராகக் குழாயில் ஒரு சிவப்புப் புள்ளி. அதிர்வா, பேயா, பார்த்துவிடலாம்.

மார்ச் 13, வியாழன்

காலையில் இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரு கை அகலம்.

சாயங்காலம் இரண்டும் நேருக்கு நேர்.

அதிர்வு ஷிஃப்ட் போட்டு வேலை செய்யுமா என்ன?

மார்ச் 14, வெள்ளி

பார்த்துவிட்டேன். என் இரண்டு கண்ணால் பார்த்துவிட்டேன்.

விடியும்போதே எழுந்து துணிக்கொடிக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்தார். ஹோஸை எடுத்துத் தொட்டியில் தண்ணீர் விட்டார், ராத்திரி சொட்டிக் குறைந்ததை நிரப்ப. பிறகு சீட்டியடித்துக்கொண்டே வால்வைப் பாதி மூடினார். சொட்டு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு திருப்தியாக உள்ளே போனார்.

சாயங்காலம் சமையலறை ஜன்னலில் நின்றேன். அவர் ஆபீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து வால்வை முழுதாகத் திறந்தார். எழுத்து அணைந்தது. அவருக்கும் திருப்தி.

ஆக, ராத்திரி பூராவும் சொட்டித் தண்ணீர் மட்டம் இறங்கி ஹீட்டர் அணைகிறது. பகல் பூராவும் வால்வு பாதி மூடியிருந்து ஹீட்டர் அணைகிறது. நடுவில் கொஞ்ச நேரம், எனக்குத் தேவையே இல்லாத நேரத்தில், தண்ணீர் சுடுகிறது. ஏழு நாளாக இந்தக் கூத்து. நான் என்னடான்னா காலையில காலையில போய்ப் பச்சைத் தண்ணில கையை வச்சுட்டு வந்து அழுதுட்டு இருக்கேன்.

சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். தட்டு வைக்கவில்லை.

"வால்வை யாரோ மாத்தறாங்கன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதாப்பா?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். "தெரியும்... சந்தேகம் இருந்துச்சு."

"உங்களுக்கு?"

"உங்கப்பாவாத்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார் அவர்.

"நினைச்சீங்கல்ல? ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?"

"யாரைக் கேக்கறது?" என்றார்கள். இரண்டு பேரும். ஒரே நேரத்தில். வாழ்க்கையில் முதல்முறையாக ஒத்துப்போனார்கள்.

அவ்வளவுதான், வெளுத்து வாங்கிவிட்டேன். என்ன சொன்னேன் என்று எல்லாம் ஞாபகமில்லை. "திங்கக்கிழமை அந்தம்மா முன்னாடி நான் கையை மடக்கிட்டு நிக்கணுமா? இந்த வேலையும் போச்சுன்னா நாள் பூரா இந்த வீட்டுல உக்காந்து உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேன் வேலைதான் பார்க்கணும். எனக்கு பயமா இருக்கு. புரியுதா? பயமா இருக்கு." இது மட்டும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் இதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அவர் எழுந்து போய்த் தட்டு எடுத்து வந்தார். அப்பா தண்ணீர் ஊற்றினார். யாரும் பேசவில்லை. என் வழியாகக்கூட.

மார்ச் 15, சனி

நேற்று படுத்துக்கொண்டே யோசித்தேன். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு கண்ணாடியைத்தான் மாற்றிக் காட்டுவோம். 'இது தெளிவா, அது தெளிவா?' இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று ஆளுக்கொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தால் பார்க்கிறவனுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும். இந்த வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

மதியத்துக்கு மேல் கை இறுக்கம் விட்டபிறகு பம்ப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சட்டம் சொன்னேன். நான் சொல்லாமல் எதையும் யாரும் தொடக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு காரியம். செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். என் கல்யாணத்தில்கூட இவ்வளவு பவ்யமாக நின்றதில்லை.

முதலில், இதுவரை செய்ததையெல்லாம் சொல்ல வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, நுரை வந்த அன்று அப்பா தொட்டியையே காலி செய்து புதுத் தண்ணீர் நிரப்பியிருக்கிறார். அதனால்தான் பம்பில் காற்று அடைத்திருக்கிறது. "தண்ணியை மாத்தினாங்களா!" என்று அவர் வாயைப் பிளந்தார். "நட்டைத் தளர்த்தினது யாரு? அதுக்கப்புறம்தானே சொட்ட ஆரம்பிச்சுது" என்றார் அப்பா. என்னைப் பார்த்துத்தான்.

மெயின் சுவிட்சை அணைத்தார்கள். பம்புக்கு இரண்டு பக்கமும் இருக்கிற வால்வுகளை மூடினார்கள். அவர் பெரிய நட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் ரிங் ஒரு இடத்தில் மடிந்து நசுங்கிப்போயிருந்தது. தளர்த்தித் திரும்ப முறுக்கியபோது இடம் மாறி மாட்டிக்கொண்டிருக்கிறது. சொட்டுக்கு அதுதான் காரணம். சொட்டுக்குப் பயந்து அப்பா வால்வை மூடினார், வால்வு மூடியதற்குப் பயந்து அவர் திறந்தார்.

"ஹார்ட்வேர் கடையில இதே அளவு கிடைக்கும்னு உன் புருஷன்கிட்ட சொல்லு" என்றார் அப்பா.

"இதைவிடக் கொஞ்சம் தடியா வாங்கினா நல்லதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றார் அவர்.

"எனக்குக் காது கேக்காது" என்றேன்.

"என்ன?"

"இன்னையிலேர்ந்து போஸ்ட் ஆபீஸ் மூடியாச்சு."

அப்பா ஏதோ முனகினார். அவர் ரிங்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். வரும்போது இரண்டு அளவிலும் வாங்கி வந்தார். பேசாமல் அப்பாவிடம் நீட்டினார். அப்பா பேசாமல் ஒன்றை எடுத்தார். பழைய அளவையே.

ரிங்கை மாட்டி நட்டை முறுக்கிவிட்டு, அப்பாவை வால்வைத் திறக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் நட்டுக்கு நேராக முகத்தை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரிங் உட்காரவில்லை போலிருக்கிறது, சர்ரென்று தண்ணீர் அவர் கண்ணிலேயே அடித்தது.

"மாமா! மூடுங்க, மூடுங்க!"

"எந்தப் பக்கம் மாப்ள?"

"வலது பக்கம் மாமா, வலது!"

அப்பா மூடிவிட்டார். அவர் சொட்டச் சொட்ட நிமிர்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் இரண்டு பேருமே என்னைப் பார்த்தார்கள், நான் ஏதோ செய்துவிட்ட மாதிரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

இரண்டாம் முறை ரிங் சரியாக உட்கார்ந்தது. வால்வு முழுதாகத் திறந்தது, காற்றை வெளியேற்றினோம், தண்ணீரை ஃபில்டர் வாய்க்கு மேலே வரை நிரப்பினோம். சுவிட்ச் போட்டதும் எழுத்து மின்னவில்லை. சொட்டும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

சூடு மெதுவாக ஏறுகிறது. இரண்டு பேரும் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு! சாயங்காலம் போய்ப் பார்த்தேன். புள்ளிக்கு நேராகப் புள்ளி.

மார்ச் 17, திங்கள்

வெந்நீரில் உட்கார்ந்தேன், விரல் இறுக்கம் விட்டது. சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை முறைத்துக்கொண்டிருந்தது, போகட்டும்.

கடையில் எனக்குப் பதிலாக இருந்த பெண் என் ஸ்க்ரூடிரைவர்களை அளவு வாரியாக இழுப்பறையில் அடுக்கி வைத்திருந்தாள். நான்கூட அப்படி வைத்ததில்லை. முதலாளியம்மா நான்கு ஃபிரேமை மேஜையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பது போல நின்றுகொண்டார்.

மூன்று சுலபமாக முடிந்தது. நாலாவது, லென்ஸைச் சுற்றி விளிம்பே இல்லாத கண்ணாடி. திருகு எள்ளை விடச் சின்னது. முதல் தடவை விழுந்தது. அந்தப் பெண் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். இரண்டாம் தடவையும் விழுந்தது. காது இரண்டும் சுட்டது எனக்கு. அவளே மறுபடி எடுத்துக் கொடுத்தாள், என் கண்ணைப் பார்க்காமல். மூன்றாம் தடவை ஏறியது.

முதலாளியம்மா கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். "ஒன்பது மணிக்கெல்லாம் வந்துடணும், முன்ன மாதிரி" என்றார்.

சந்தோஷம். ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்தப் பெண் சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினபோது நானும் பின்னாலேயே போனேன். வேறு இடம் கிடைக்கும் என்று சொன்னேன். "கிடைக்கும்க்கா" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

மெக்கானிக் சொன்னபடி வந்தார். பார்த்துவிட்டு, "ஓடுதே. யார் சரி பண்ணினது?" என்றார். அப்பா அவரைக் காட்டினார். அவர் அப்பாவைக் காட்டினார். மெக்கானிக் டீ குடித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த மாதிரி தெரிகிறது. காலையில் நானே பின்னல் போட்டுக்கொண்டேன். கோணல்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் பலகையில் மறுபடி எழுத்து, இந்தத் தடவை வேறு எழுத்து. தண்ணீர் பச்சை.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பயம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. உள்ளே வந்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பெரிய பாத்திரத்தில் ஊற்றி இரண்டு கையையும் மணிக்கட்டு வரை வைத்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்தேன். முழு உடம்புக்கு இது போதாது. கைக்குப் போதும். முட்டி அதன் போக்கில் வரட்டும்.

ஜன்னல் வழியாகக் கேட்டது.

"நீங்க எதையாவது தொட்டீங்களா மாமா?"

"நான் தொடல. நீங்க?"

"நானும் தொடல."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான் மாமா. இது சென்சார் கோளாறு. ஜெராக்ஸ் மிஷின்லயும் இப்படித்தான் பண்ணும்."

"ஜெராக்ஸ் மிஷினும் இதுவும் ஒண்ணா? பாய்லர்ல நான் பார்க்காத சென்சாரா? மூடியைக் கழட்டுங்க முதல்ல."

"மூடி அந்தப் பக்கம் இல்ல மாமா, இந்தப் பக்கம்."

"எனக்குத் தெரியும் எந்தப் பக்கம்னு."

சண்டைதான். எட்டரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் மண்டியிட்டு, டப்பின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். டார்ச் அப்பா கையில். ஸ்க்ரூடிரைவர் அவர் கையில்.

"போயிட்டு வரேன்" என்றேன்.

இரண்டு பேர் காதிலும் விழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.